திறந்தபடி பற்றவைத்த கேட்

கூத்தாநல்லூர் போகும் சாலையில் நான் வெல்டிங் பட்டறை வைத்திருந்த காலத்தில், எனக்கு வேலை கொடுக்காத கட்சியே கிடையாது. காலையில் மிராசுதாருடைய டிராக்டருக்கு, சேற்றில் இறங்கும் இரும்புச் சக்கரத்தை ஒட்டிக் கொடுப்பேன். மத்தியானம், அந்த டிராக்டர் வயலில் இறங்கவே கூடாது என்று மறியல் செய்கிறவர்களுக்குக் கொடிக்கம்பம் செய்து கொடுப்பேன். சாயங்காலம் கழகத்துக்காரர்கள் மேடைக்குக் குழாய் வளைக்கச் சொல்லி வருவார்கள். எல்லாருக்கும் ஒரே வெல்டிங் ராடு, ஒரே கரண்டு. யாருக்குச் செய்கிறோம் என்பது இரும்புக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டேன். நடுநிலைமை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். பிழைப்பு என்றும் சொல்லலாம்.

ஒரு சம்பா அறுவடைக்கு முன்னால் பக்கத்து ஊர் மிராசுதார் காரில் வந்து இறங்கினார். அவர் வயலுக்கும் களத்துக்கும் போகிற பாதையில் ஒரு கேட் போட வேண்டுமாம். உயரமாக, மேலே ஈட்டிமுனை வைத்து, பார்த்தாலே பயம் வருகிற மாதிரி.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு இடம் பார்க்கப் போனேன். பாதையின் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சேற்று வயல். வேலி, சுவர் என்று பேருக்குக்கூட எதுவும் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் நெல்தான்.

"வேலி எங்கங்கய்யா போடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"வேலி எதுக்கு?"

"கேட்டைச் சுத்திக்கிட்டுப் போயிடலாமேங்கய்யா."

"போகட்டும். வக்கீல் சொல்லிட்டாரு. பூட்டுன கேட்டைத் தாண்டி உள்ள வந்தா அத்துமீறல். கேஸ் போட்டுடலாம். கேட்டு இருந்தாத்தான் சட்டம் உள்ள வரும். நீ ஈட்டி வைக்க மறந்துடாதே."

கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்பு என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் சொல்லியிருந்த நேரம் அது. அறுத்த நெல்லை அவர்களே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவருக்குப் பயம். நான் ஈட்டிமுனைகளை வைத்து, மேலே வெள்ளி பெயிண்டும் அடித்து, கேட்டை நிறுத்திவிட்டு வந்தேன். நடுவயலில் அது தனியாக, கம்பீரமாக நின்றது. செய்தவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சங்கத்துக்கு அந்த ஊரில் தலைவி ஒரு அம்மாள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். குரல் எடுத்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும். மறுநாளே பட்டறைக்கு வந்துவிட்டார்.

"அந்தக் கேட்டு நீ செஞ்சதா?"

"ஆமாங்கக்கா."

"வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா அது எங்க தெரு சனம் ஆத்துக்குப் போற வழி. தண்ணிக் குடத்தைத் தூக்கிக்கிட்டு சேத்துல இறங்கிப் போவணுமா?"

என் பதிலுக்கு அவர் நிற்கவில்லை. கேட்டின் முன்னால் தெருவே போய் உட்கார்ந்துவிட்டது. நெல் முற்றிச் சாய ஆரம்பித்தும் ஒருவரும் அரிவாளை எடுக்கவில்லை.

கடைசியில் போலீஸ் ஜீப் வந்தது. பின்னாலேயே தாசில்தாரும் வந்தார். களத்தோரப் புளியமரத்தடியில் சமாதானக் கூட்டம். கூலி விஷயம் ஆச்சரியமாகச் சீக்கிரமே முடிந்துவிட்டது. கேட்தான் முடியவில்லை. பட்டா நிலத்தில் நிற்பதால் அதை எடுக்கச் சொல்ல முடியாது என்றார் தாசில்தார். காலங்காலமாக ஊர் நடக்கிற மாமூல் பாதை என்பதால் அதைச் சாத்தவும் முடியாது என்றார். ஆகவே, கேட் இருக்கலாம். ஆனால் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

"ராத்திரியோட ராத்திரியா சாத்திட்டாருன்னா?" என்றார் தலைவி.

"நான் சொன்ன சொல் மாறமாட்டேன்" என்றார் மிராசுதார். அதை யாரும், அவர் பக்கத்து ஆட்கள்கூட, காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கூட்டத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மேல் தாசில்தாரின் பார்வை விழுந்தது. "இதைச் செஞ்ச ஆளு நீதானே? தொறந்த மேனிக்கே பத்தவச்சு விட்டுடு."

சாத்துவதற்காகச் செய்த கேட்டைச் சாத்த முடியாமல் ஆக்க அரசாங்கமே எனக்கு உத்தரவு போட்டது. மாட்டுவண்டியில் மிஷினை ஏற்றிக்கொண்டு போனேன். வயலில் கரண்டு ஏது? மிராசுதாரின் பம்புசெட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அவர் மனசில்லாமல் தலையை ஆட்டினார். ஒயரை மாட்டி ராடை எடுத்தேன், கரண்டு போய்விட்டது.

போலீஸ், தாசில்தார், மிராசுதார், சங்கம் என்று அத்தனை பேரும் கரண்டுக்காகக் காத்திருந்தார்கள். போய்விட்டு வரலாம் என்றால் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. தான் போனதும் எதிராளி ஏதாவது செய்துவிடுவானோ என்ற சந்தேகம். வெயில் ஏறியது. மிராசுதார் ஆள் அனுப்பி இளநீர் வெட்டச் சொன்னார். சங்கத்து ஆள் ஒருவர்தான் மரம் ஏறினார். இந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் எப்போது திறந்தார்கள், புகையான் பூச்சி எந்தப் பக்கம் அதிகம் என்றெல்லாம் இரண்டு தரப்பும் பேச ஆரம்பித்துவிட்டன. கரண்டு இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சம்பந்தம்கூடப் பேசியிருப்பார்கள்.

கரண்டு வந்ததும் எழுந்து நின்று உரக்கச் சொன்னேன்: "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. நெருப்பை நேராப் பாக்கக் கூடாது. கண்ணு போயிடும்."

ஒருவரும் திரும்பவில்லை. நான் சும்மா பொறியை மட்டும் பறக்கவிட்டு ஏமாற்றிவிடுவேனோ என்று தலைவிக்குச் சந்தேகம். கேட்டோடு கம்பத்தையும் சேர்த்து வளைத்துவிடுவேனோ என்று மிராசுதாருக்குச் சந்தேகம். இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்களோ என்று போலீசுக்கு. அரசாங்க உத்தரவு ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று கண்ணால் பார்ப்பது தன் கடமை என்றார் தாசில்தார். ஆக, ஊரே கண்ணை இமைக்காமல் பார்த்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நான் ஒருவன் மட்டும் ஒழுங்காக வேலை பார்த்தேன்.

மறுநாள் அறுப்பு ஆரம்பம் என்று பேச்சு. நான் கேட்டை ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். வயலில் ஈ காக்கைகூட இல்லை. தெருவுக்குள் போனால், வாசலுக்கு வாசல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். தலைவியின் கண் இரண்டும் தக்காளியாக வீங்கியிருந்தன. வெள்ளரித் துண்டை வைத்துக் கட்டியிருந்தார். "மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துதுடா பாவி" என்றார். மிராசுதார் வீட்டிலும் அதே கதைதான். அங்கே விளக்கெண்ணெய். அவர் இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு, "சொன்னியே, கேட்டோமா?" என்றார். தாசில்தார் ஆபீசுக்கே வரவில்லை என்று கேள்விப்பட்டேன். பண்ணையும் சங்கமும் ஒற்றுமையாக வேலைநிறுத்தம் செய்தது என் சர்வீசில் அந்த ஒரு நாள்தான்.

கண் தெளிந்ததும் அறுப்பு நடந்தது. நெல் வீடு போய்ச் சேர்ந்தது. திறந்தபடியே கேட் சில வருஷங்கள் மழையில் நனைந்து துருப்பிடித்தது. ஈட்டிமுனைகளில் மீன்கொத்தி உட்காரும்.

அதற்குள் நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரின் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்து, அந்தத் தெருக்காரர்களுக்குப் பட்டா கொடுத்தார்கள். தலைவிக்கும் ஒரு துண்டு நிலம் வந்தது; கேட்டைத் தாண்டிய உடனே உள்ளது. ஒரு நாள் பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, அந்தக் கேட்டை வெட்டி விடணும்."

"பிடுங்கிப் போட்டுடலாங்களா?"

"பிடுங்கவா? சாத்தணும்டா! சுத்தி முள்ளு அடைச்சாச்சு, இந்த ஒரு வழியாத்தான் ஊர் மாடெல்லாம் உள்ள பூந்து என் நடவை மேயுது."

நான் காஸ் சிலிண்டரோடு போய் இறங்கினபோது மிராசுதார் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கு மிச்சமிருந்த நிலம் அதே பாதையின் கடைசியில் இருந்தது. "அது மாமூல் வழி! சாத்தக் கூடாதுன்னு தாசில்தார் உத்தரவு இருக்கு!"

"அந்த உத்தரவு வாங்க நானும்தானே கேட்டு முன்னால உக்காந்திருந்தேன்" என்றார் தலைவி. "வழியை யாரு மறிச்சா? மாட்டைத்தான் மறிக்கிறேன். பூட்டு கிடையாது, கயிறுதான். அவுத்துக்கிட்டுப் போங்க, கட்டிட்டுப் போங்க."

மிராசுதார் என்னைப் பார்த்தார். நான் நெருப்பைப் பற்றவைத்தேன். இந்தத் தடவை, யாரும் சொல்லாமலே, இரண்டு பேரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்கள்.

வெட்டி முடித்ததும் கேட் அசையவில்லை. அடிப்பக்கம் மண்ணில் புதைந்துபோயிருந்தது. தலைவியும் அவர் தங்கையும் மண்வெட்டியால் தோண்டிவிட, நான் கீலுக்கு எண்ணெய் விட்ட பிறகு, பெரிய சத்தத்தோடு கேட் வந்து சாத்திக்கொண்டது. தலைவி வைக்கோல் முறுக்கிய பிரிக் கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டார். மிராசுதார் வெளிப்பக்கம் நின்றிருந்தார். அவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச அன்றைக்குத்தான் முறை.

பிரியை அவரே அவிழ்த்திருக்கலாம். கொஞ்சநேரம் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொஞ்சம் அவுத்து விடுங்க" என்றார்.

அந்தத் தெரு ஆட்களிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மரியாதையா, கண்ணெதிரே மண்வெட்டி இருந்ததாலா, எனக்குத் தெரியாது. தலைவி அவிழ்த்துவிட்டார். மிராசுதார் குடையை மடக்கிக்கொண்டு, வரப்பில் வழுக்காமல் இருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனார்.