மூக்கனுக்கு விருது கிடைத்த அன்று

லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்தவர் அவர். வருஷத்துக்கு இரண்டு படம் பார்த்தால் அதிகம். ஆனால் டிவியில் விருது விழா என்றால் எதிரே சட்டமாக உட்கார்ந்துவிடுவார்.

"அழறவனுக்குத்தான் குடுப்பானுங்க, பாரு. அதுக்குப் பேசாம கிளிசரின் பாட்டிலுக்கே குடுத்துடலாம்" என்பார்.

அவருடைய ஆள் மூக்கன். வீட்டுக்குள் வைத்த பெயர் அது. டாக்டராகவோ கதாநாயகியின் அப்பாவாகவோ வந்து நாலு வரி பேசிவிட்டுப் போகும் பெரிய மூக்கு நடிகர்.

"அந்தாளு கதவைத் திறந்து உள்ள வர்றதைப் பாரு. வெளிய மழை பெய்யுதுன்னு நாமளே நம்பிடுவோம்."

அவர் மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிப்பவள். அவளுக்குச் சுருட்டைமுடி கதாநாயகன்தான் உசத்தி. இருவருக்கும் இதில்தான் சண்டை. வேறு எதைப் பற்றியும் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

ஒரு காலை, பல் தேய்க்கும்போது அவர் சரிந்து விழுந்தார். பக்கவாதம். கால் மெல்லத் தேறியது, பேச்சு வரவில்லை.

"அவருக்கு எது புடிக்கும், எதுக்குக் கோவம் வரும், அதையே பேசிக்கிட்டிருங்கம்மா" என்றாள் பயிற்சி தரும் பெண். பேச்சு வருமா என்று கேட்டதற்கு, அடுத்த பயிற்சித் தாளை எடுத்து நீட்டினாள்.

அன்றிலிருந்து மனைவி அவரை வம்புக்கு இழுத்தாள். அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "உங்க மூக்கன் சரியான மரக்கட்டைங்க" என்பாள். அவர் மென்றுகொண்டிருப்பார். "சுருட்டை இந்தப் படத்துல என்னமா அழறான்! விருது அவனுக்குத்தான்." அவர் ஜன்னலைப் பார்ப்பார். வேலையிடத்து மெஷின் இரைச்சலிலும், அடுத்து எதைச் சொன்னால் அவருக்குச் சுருக்கென்று தைக்கும் என்றே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, பாவம், விட்டுடுங்க" என்றாள் கூட இருந்த நாத்தனார்.

"விட்டா அப்படியே போயிடுவாரு. வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டட்டுமே!"

அந்த வருட விழாவை ஞாயிறு மதியம் டிவியில் போட்டார்கள். சிறந்த துணை நடிகர் விருது. மேடையேறியவர் மூக்கன். மைக் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"ஏங்க! குடுத்துட்டாங்க!" அவள் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நான் தோத்துட்டேங்க. நீங்க சொன்னதுதான் சரி. 'எப்படி, பாத்தியா?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கேளுங்களேன்!"

அவர் உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"போதும்."

நாத்தனார் அழுதுகொண்டே ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டாள். மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எதுங்க போதும்? விருதா? நான் பேசினதா?"

"போதும்."

அந்த ஒரு சொல்தான் வந்தது. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். சிலருக்கு அப்படி ஒரே சொல் தங்கிவிடும் என்றாள் பயிற்சி தரும் பெண். சில நாள், பசிக்குச் சொல்வதற்கும் வலிக்குச் சொல்வதற்கும் குரலில் ஏதோ வித்தியாசம் இருப்பதாக மனைவிக்குத் தோன்றும். சில நாள், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறோமோ என்றிருக்கும்.

"வீட்டுக்காரர் பேசறாராமே!" என்று சலவைப் பிரிவில் யாராவது சந்தோஷமாகக் கேட்பார்கள்.

"ம், பேசறாரு" என்பாள். மேற்கொண்டு கேட்பதற்குள் மடிக்கும் விரிப்பின் மறு முனையை அவர்கள் கையில் கொடுத்துவிடுவாள்.