தேராவில் ஒரு ரோமக் கோட்டு

1995. வெளியே தார் இளகும் வெயில். துபாய் தேராவில் நான் ஒதுங்கி நிற்கும் கடையில் விற்பதோ, பனிநாட்டு ரோமக் கோட்டுகள்! கடைசி வெள்ளைக் கோட்டை ஒரு ரஷ்யக் கிழவரும் ஓர் அமெரிக்கக் கிழவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள்.

ரஷ்யரின் சட்டையில் ராணுவப் பதக்கத்தைப் பார்த்ததும் அமெரிக்கர் பிடியை விட்டுவிட்டு சல்யூட் வைக்கிறார். இருவருக்கும் மொழிபெயர்க்கும் கடைக்காரர் காசிம் பாய், என்னைப் பார்த்துக் கத்துகிறார்.

“உலகப்போர்ல ஜெர்மனியை இவரு கிழக்கால, அவரு மேற்கால நெருக்கிக்கிட்டு வந்தவங்களாம், தம்பி! நடுவுல ஒரே ஆத்தங்கரைக்கு வந்து சேந்தாங்களாம். அதோட சண்டை முடிஞ்சிச்சாம்!”

கிழவர்கள் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். நானும் ஆடுகிறேன். மறுபடி இழுபறி: இப்போது கோட்டை ஒருவர் கையில் ஒருவர் திணிக்கிறார்கள். கடைசியில் தோளில் கைபோட்டபடி இருவரும் வெறுங்கையோடு வெளியேறுகிறார்கள்.

“கலாஸ்! யாவாரம் முடிஞ்சிச்சு!” என்கிறார் பாய். “சண்டை போட்டுக்கிட்டே இருந்திருந்தா யாராவது ஒருத்தர் வாங்கியிருப்பாரு.”