அத்தான் துடைக்காமல் வைத்திருந்த பை

என் அத்தான் பெரியநாயகத்தின் மேல் எனக்கு முழுதாக ஒரு வருஷம் கோபம் இருந்தது. காரணத்தைச் சொன்னால் இதற்கா என்பீர்கள். என் அக்கா ரோசரி செத்ததற்கு அவர் அழவில்லை.

பெட்டியை மூடும்போது அழவில்லை. கல்லறையில் மண் போடும்போதும் இல்லை. மகள் ஷார்மேன் ஜொகூரிலிருந்து வந்து இறங்கி, அவரைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவள் முதுகில் இரண்டு தட்டு தட்டி, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனுஷன், இடித்த புளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்கு வரும் பெண்கள் என்னைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நானே கேட்டுவிட்டேன்.

"அத்தான், உங்களுக்கு ஒன்னுமே தோணலையா?"

சாமர்த்தியமாகப் பதில் சொல்லத் தெரியாதவர்.

"ஒன்னும் தெரியல புனிதா. பல்லு புடுங்க ஊசி போடுவாங்களே, அப்படி இருக்கு. கடிச்சாலும் தெரியல. எப்ப வுடும்னும் தெரியல லா."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் வீடு ஈப்போ புந்தோங்கில் அவர் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளித்தான் இருக்கிறது. போக வர அவர் முகம் கண்ணில் படும். படும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டபோதுதான் பை வேலை ஆரம்பித்தது. ஈப்போ மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அலமாரியை இரண்டு வாரம் திறக்காமல் விட்டால் உள்ளே எல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். அக்காவுக்குக் கைப்பைப் பைத்தியம். பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவளுக்குப் புதுப் பை வாங்க எங்கே வசதி? கோயில் பழைய சாமான் விற்பனையிலும், ஜப்பான் பழைய துணி வந்து இறங்கும் கடைகளிலும் தேடித் தேடி, அசல் தோலில் செய்த பழைய பைகளாக வாங்கி வைத்திருந்தாள். பதினொரு பை. அத்தான் அலமாரியைத் திறந்த அன்று பதினொன்றும் பூசணம் பிடித்துக் கிடந்தன.

வேறு ஆம்பிளையாக இருந்தால் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டிருப்பார். இவர் தஞ்சோங் மாலிமில் காருக்குத் தோல் இருக்கை தைத்துக் கொடுக்கும் பட்டறையில் அக்கா போகும்வரை பதினாறு வருஷம் இருந்தவர். வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பிப் போவார். தோலைத் தடவிப் பார்த்தே மாட்டின் முதுகா, வயிறா என்று சொல்லிவிடுவார். அந்தக் கை சும்மா இருக்குமா?

பைகளை வாசலுக்குக் கொண்டுபோய், காய்ந்த துணியால் பூசணத்தைத் துடைத்தார். வீட்டுக்குள் துடைத்தால் மற்ற பைக்கெல்லாம் தொற்றிக்கொள்ளுமாம். பிறகு வினிகரில் பாதி, தண்ணீரில் பாதி கலந்து, துணியை நனைத்து இறுக்கிப் பிழிந்து, ஓரத்திலிருந்து உள்ளே துடைத்தார். உள்ளே பழைய பேப்பரை உருட்டி அடைத்து, வெயில் படாமல் காற்றில் மூன்று நாள். அப்புறம்தான் தோலுக்குப் போடும் கிரீம், அதுவும் விரல் நுனியால். பிரிந்த தையலை மெழுகு நூலால் எடுத்துத் தைத்தார். பல் துலக்கும் பழைய பிரஷால் பித்தளைக் கொக்கியைத் தேய்த்தார். பைகளுக்குள் கிடந்த மிட்டாய்க் காகிதம், பஸ் டிக்கெட், பிள்ளைகளின் கட்டைப் பென்சில் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். ஒன்றையும் கையில் வைத்து ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. நான் அங்கேதான் நின்றிருந்தேன். அவர் அடுத்த பையை எடுத்தார்.

அந்தப் பைகளைப் பார்த்துவிட்டுக் கோயில் பெண்கள் தங்கள் பைகளைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் அடுத்த வரிசைக்காரர்கள். அப்புறம் சீனக் கிழவிகள், அறுபது எழுபதுகளில் வாங்கிய முதலைத் தோல் பைகளோடு. வாசலில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, வரிசையாகத் தொங்கும் பைகள். ஆறு மாதத்தில் அதுவே அவர் தொழிலாகிவிட்டது.

எங்கள் ஆட்கள் கொண்டுவரும் பைகளில் பாதிக்கு ஒரே வியாதிதான், தேங்காய் எண்ணெய். தலைக்கு, வறண்ட காலுக்கு, சத்தம் போடும் கதவுக்கு என்று எதற்கெடுத்தாலும் தடவுகிறவர்கள் பையை மட்டும் விட்டுவைப்பார்களா? பக்கத்து வீட்டுப் பிரமிளா டீச்சர் தீபாவளிக்குத் தீபாவளி எண்ணெய் போட்டுத் தேய்த்து வளர்த்த பையைக் கொண்டுவந்தார். கறுத்துப் போய், சிக்கு நாற்றம் அடித்தது.

"டீச்சர், மண்டைக்குப் போடறத இதுக்கும் போடலாமா? இதுல முடி வளரப் போவுதா?" என்றார் அத்தான். சிரிக்காமல்தான் சொன்னார். சோளமாவைக் கொட்டி, எண்ணெயை உறிஞ்சட்டும் என்று இரண்டு நாள் புதைத்து வைத்தார். டீச்சருக்குப் பை புதுசாகக் கிடைத்தது.

இப்படி ஊரார் பையெல்லாம் பளபளக்க, ஒரு பை மட்டும் வெளியே வரவே இல்லை. அது அக்காவின் கறுப்புப் பை. அலமாரியில் இருந்த பதினொன்றில் சேராதது. தனியாகத் துணி உறை போட்டு வைத்திருந்தாள். ஷார்மேனுக்குக் கோயிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை கொடுத்த வருஷம் அத்தான் வாங்கித் தந்தது. அப்போது அவர் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார், பட்டறைக்கு இன்னும் போகவில்லை. ஈப்போவில் ஒரு கடையில் அசல் தோல் என்று சொல்லி விற்றார்கள், வாங்கி வந்துவிட்டார்.

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே தோல் கைப்பையோடு கோயிலுக்கு வந்த ஒரே பெண்பிள்ளை தோட்டக் கணக்குப் பார்க்கும் கிராணியின் மனைவிதான். எங்கள் அம்மாவுக்குக் கைக்குட்டை முடிச்சுதான் கைப்பை. அதனால் ரோசரிக்கு அந்தப் பை வந்தபோது அவள் கால் தரையில் நிற்கவில்லை. "ஒரிஜினல் லெதர்டி, தொட்டுப் பாரு. உங்க அத்தான் வாங்கிக் குடுத்தது." இதை இருபது வருஷம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு அதுதான். அவர் பட்டறைக்குப் போன பிறகு அதில் இன்னொன்றும் சேர்ந்தது. "தோலு வேலை தெரிஞ்ச மனுஷன், சும்மாவா?" எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன், நன்றாகவே எரியும்.

முதல் வருஷப் பூசை நெருங்கியது. அந்தப் பையை நான் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அக்கா உட்காரும் பெஞ்சில் அது ஒருமுறை இருக்கட்டும் என்று தோன்றியது. கேட்டேன். "இன்னும் ரெடியாகல" என்றார். மறு வாரம் கேட்டேன். "அது சுசா புனிதா, கஷ்டமான வேலை" என்றார். மூன்றாவது முறை கேட்டபோது மின்விசிறியைத் திருப்பி வைத்தார். யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். பெண்டாட்டிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் பையையா காப்பாற்றப் போகிறார்?

பூசைக்கு முதல் நாள் சனிக்கிழமை காலையில் நேராகப் போய் மேசை முன்னால் நின்றேன்.

"பை இருக்கா இல்லையா, அத சொல்லுங்க."

அவர் எழுந்து உள்ளே போய்த் துணி உறையோடு எடுத்து வந்தார். உறையைக் கழற்றி என் முன்னால் வைத்தார். கறுப்பாக, நான் பார்த்த மாதிரியேதான் இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு. இதுக்கா இவ்வளவு இழுத்தீங்க?"

"இது தோலு இல்ல புனிதா."

எனக்கு விளங்கவில்லை. பையைத் திறந்து, உள்துணி கிழிந்திருந்த ஒரு மூலையைப் பிரித்துக் காட்டினார். "தோலா இருந்தா பின்னால நார் நாரா இருக்கும். இது வெறும் துணி. மேல பிளாஸ்டிக்க ஒட்டிருக்கான். பட்டறைக்குப் போன மொத மாசமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏமாந்துட்டேன்."

"அக்காகிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? ஊரு பூரா ஒரிஜினல் ஒரிஜினல்னு சொல்லிக்கிட்டு இருந்தா. இந்தச் சாமான் ஏழெட்டு வருஷத்துல உரிஞ்சு கொட்டும். அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். உரியவே இல்ல. பத்து வருஷமாச்சு, பதினஞ்சு வருஷமாச்சு, அப்படியே இருக்கு. நாந்தான் தப்பா பாத்துட்டேனோன்னு நெனச்சுக்கிட்டேன்."

பையைத் திருப்பிப் பின்பக்கம் கீழ் மூலையைக் காட்டினார். ஐம்பது காசு அளவுக்கு ஒரு இடம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"மழைக்காலத்துல இத மொதல்ல எடுத்தேன். ஈரத் துணியால ஒரு தடவைதான் துடைச்சேன். துணி கறுத்துப்போச்சு, கீழ இதுதான் இருந்துச்சு. எல்லாம் உரிஞ்சு எத்தனையோ வருஷம் ஆயிருக்கு. அவ கால் சப்பாத்துக்குப் போடற கறுப்பு பாலிஷப் போட்டுப் போட்டு மூடி வச்சிருக்கா. ஒன்னு மேல ஒன்னா, எத்தனை பூச்சு இருக்குன்னு என்னாலயே சொல்ல முடியல. நான் வெள்ளிக்கெழம வாரதுக்குள்ள பூசிக் காய வச்சிருப்பா போல."

எனக்கு அக்காவை நினைத்துச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே அழுகை வந்தது, கடைசியில் கோபம்தான் நின்றது.

"அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் நாடகமா போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"அப்படித்தான் போல" என்றார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"இது தெரிஞ்சுமா உங்களுக்கு அழுகை வரல?"

"வரல. வரும்னுதான் துடைக்காம வச்சிருந்தேன். அப்பப்ப எடுத்துப் பாப்பேன். ஒன்னும் வராது. மறுபடியும் வச்சிருவேன்."

அவர் அதைத் தன் மேலேயே குறை சொல்கிற மாதிரி சொன்னார். ஒரு வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பையைக் கேட்டேன். எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டு, யாருடைய பைக் கொக்கியையோ தேய்க்கப் போய்விட்டார்.

ஞாயிறு காலை புறப்படும்போது அந்தச் சாம்பல் மூலை என் கண்ணை உறுத்தியது. நாலு பேர் பார்க்கும் இடம். என் வீட்டுக்காரரின் சப்பாத்து பாலிஷை எடுத்துத் துணியால் தொட்டு அந்த இடத்தில் தேய்த்தேன். ஊதினேன். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். நன்றாக மூடிக்கொண்டது.

பூசையில் சாமியார் அக்காவின் பெயரை வாசித்தார். ஷார்மேன் அழுதாள், நான் அழுதேன். அத்தான் முட்டி போட்டு, சிலுவை போட்டு, எழுந்து நின்று, எல்லாரும் செய்ததைச் செய்தார். பூசைக்குப் பிறகு கோயில் வளாகத்தில் எல்லாருக்கும் பசியாற நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் கொடுத்தோம். கொடுத்துக்கொண்டிருந்தபோது ஷார்மேன் என் இடுப்பைப் பார்த்துக் கத்தினாள்.

"சித்தி! சேலை!"

குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சேலை. பை இடித்த இடமெல்லாம் இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் கறுப்பு அப்பியிருந்தது. என் அவசர புத்தியை நானே திட்டிக்கொண்டு ஈரத் தாளால் தேய்க்கப் போனேன். அத்தான் பொட்டலத்தோடு வேகமாக வந்தார்.

"தேய்க்காத, தேய்க்காத. பரவிடும். மாவு போட்டுத்தான்…"

பாதியில் நிறுத்திவிட்டார். கறையைப் பார்த்தார். பிறகு சேலையைப் பார்த்தார். முந்தானையின் வெள்ளிக்கரையைக் கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"இது நான் எடுத்த சேலதானே?"

"ஆமா அத்தான். ஒரு கிறிஸ்மஸுக்கு நீங்க எடுத்தது. அக்கா கட்டவே இல்ல, எனக்குக் குடுத்துட்டா. இது மாதிரி மூனு குடுத்திருக்கா. வெள்ள எனக்கு எடுப்பா இல்லடின்னு சொல்லுவா."

உண்மைதான். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அக்கா பூசைக்குக் கட்டியதெல்லாம் கருநீலம், அரக்கு, கரும்பச்சை. அவர் ரசனை அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன்.

அத்தான் கையை நீட்டி அந்தக் கறுப்பை ஒரு விரலால் தொட்டார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாணத்தன்னைக்கு வெள்ளையில நல்லா இருந்தா. அதான் எடுத்து எடுத்துக் குடுத்தேன்" என்றார். "ஏன் கட்ட மாட்டேங்கறன்னு ஒரு கிறிஸ்மஸ்ல சத்தம் போட்டேன். நான் எடுத்தா உனக்குக் கேவலமான்னு கேட்டேன். அவ வாயே தொறக்கல."

"அத்தான்…"

"மூனு நாளு அவகிட்ட பேசல புனிதா. மூனு நாளு. லீவு முடிஞ்சு பேசாமயே பஸ் ஏறிப் போயிட்டேன்."

அவர் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது. பக்கத்துச் சிமெண்டுப் படியில் உட்காரப் போனவர், சரியாக உட்காராமல் சரிந்தார். நெஞ்சு வலி என்று நினைத்து ஷார்மேன் ஓடி வந்தாள். பசியாறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் என் சேலையின் கறைபட்ட இடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சொல்லியிருக்கலாம்ல ரோசரி, சொல்லியிருக்கலாம்ல" என்று சத்தம் போட்டு அழுதார்.