ஒரு பெல்லுக்கு என்ன அர்த்தம்

"…நிக்கச் சொன்ன பெல்லுங்க அது. திரும்பிப் போகச் சொன்ன பெல்லா?" என்று இருட்டுக்குள் என் மனைவி கேட்டாள்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் லிஃப்ட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டிருந்தோம். அவள் ஆபரேஷனுக்குப் போட்டுவிட்ட பச்சை உடுப்பில் சக்கர நாற்காலியில் இருந்தாள். "நடக்கத் தெரியாதவளா நானு?" என்று முரண்டு பிடித்தவளை உட்கார வைத்துவிட்டு, ஃபைலோடு நர்ஸ் படியேறிப் போயிருந்தாள். மாடியில்தான் தியேட்டர். போகிற வழியில் லிஃப்ட் ஒரு உதறு உதறி நின்றது. விளக்கும் அணைந்தது.

அவள் வயிற்றில் கட்டி. இனித் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, இதயம் கொஞ்சம் பலவீனம், மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்தும் உண்டு என்றார். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருந்த தாளில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போகிற பெங்களூரு ரயிலில் தினமும் எதிர் சீட்டில் வருகிற ஆள்கூட, "ஆபரேஷன் ஒன் சம்சாரத்துக்கா, ஒனக்காய்யா?" என்று கேட்டுவிட்டார்.

அன்று காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது சாமி படத்தின் முன்னால் நின்று மெதுவாகச் சொன்னேன்: "இது வேணாம்னா நீயே நிறுத்திடு. நான் புரிஞ்சிக்கிறேன்." யாரிடமும் மூச்சுவிடவில்லை.

தங்கச் சுரங்கம் மூடும்வரை, ஆள் இறங்குகிற குழியான ஷாஃப்டில் எனக்குப் பெல் அடிக்கிற வேலை. அதில் ஆட்கள் போகிற இரும்புக் கூண்டை, கேஜை, ஏற்றி இறக்குகிறவர் எங்கோ இன்ஜின் ரூமில் இருப்பார். எங்களை அவர் பார்க்க முடியாது, அவரை நாங்கள் பார்க்க முடியாது. பெல்தான் பேச்சு. ஓடுகிற கேஜுக்கு ஒரு பெல் அடித்தால் நிறுத்து என்று அர்த்தம். அந்த இருட்டில் எத்தனையோ தரம் நின்றிருக்கிறேன், பயந்ததில்லை. இந்த லிஃப்ட்டில் நாற்காலியின் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டேன். நான் கேட்டேன், நிறுத்திவிட்டது. சாமி இவ்வளவு கிட்டத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது என்பதே எனக்குப் பெரிய பயமாகிவிட்டது.

"கதவு தொறந்ததும் ஊட்டுக்குப் போயிடலாம்மே."

"இன்னாங்க ஆச்சு உங்களுக்கு?"

காலையில் வேண்டிக்கொண்டதைச் சொன்னேன்.

"என்னை ஒரு வார்த்த கேக்காம, என் வவுத்துக்கு நீங்க சாமிகிட்ட பேரம் பேசினீங்களா?"

இந்தப் பேச்சை அவள் இன்றைக்கும் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அன்று சிரிக்கவில்லை.

"பேரம் இல்லம்மே. ஒரு பெல்லு அடிச்சிருக்குது. நிறுத்துன்னு அர்த்தம்."

அதற்குத்தான் அவள், நிற்கச் சொன்ன பெல்லா, திரும்பிப் போகச் சொன்ன பெல்லா என்று கேட்டாள். கேட்டுவிட்டு விடவுமில்லை. "ஒரு பெல்லு அடிச்சா இன்ஜின் ரூம்ல இருக்கறவரு இன்னா செய்வாரு? அடுத்த பெல்லு வர்றவரிக்கும் காத்துக்கினு இருப்பாருதானே? நீங்கதானே சொல்லுவீங்க!"

நின்ற கேஜைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பிக்கொண்டு போன ஆளை நான் பார்த்ததில்லை.

அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது. ஜில்லென்று இருந்தது. "எனக்கும் பயம்தாங்க. நேத்தெல்லாம் கட்டியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு இருந்தேன், கரைஞ்சி போயிடாதான்னு. போகல, அப்படியே இருக்குது. அதுவும் சாமி சொல்றதுதானே?"

மேலே தடதடவென்று சத்தம். யாரோ கம்பியைக் கொடுத்துக் கதவை நெம்பினார்கள். வெளிச்சம் வந்தது. மாடித் தளம் எங்கள் முழங்கால் உயரத்தில் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் வந்துதான் நின்றிருந்தோம். நர்ஸ் குனிந்து கை நீட்டினாள். "பயப்படபேடி அக்கா, பன்னி!" என்று, பயப்படாமல் வரச்சொல்லிக் கன்னடத்தில் கூப்பிட்டாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து எலக்ட்ரீஷியனின் குரல் வந்தது. "இருங்க மேடம், அவசரப்படாதீங்க. கையால சுத்திக் கீழ எறக்கிடறேன், அதான் சுளுவு."

கீழே என்றதும் என் நெஞ்சு குதித்தது. கீழே வாசல் இருந்தது. வாசலில் ஆட்டோ இருந்தது. அரை மணியில் ஊரிகத்தில் வீட்டுக்குள் இருக்கலாம். இதுதான் அடுத்த பெல்லோ? "கீழயே…" என்று வாயெடுத்தேன். என் மனைவி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் நிறுத்திக்கொண்டேன்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். முதுகுப் பக்கம் திறந்து கிடந்த உடுப்பை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையை நர்ஸிடம் கொடுத்து, மேலே ஏறிப் போனாள்.