சாமிக்காக நான் சொன்ன பதில்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டுக்கு மதங்களையும் நம்பிக்கைகளையும் பற்றி ஒரு தாள் உண்டு. அதில் எனக்குப் பிடித்த பாடம், மனிதர்கள் தெய்வத்திடம் குறி கேட்ட விதங்கள். பழைய சீனாவில் ஆமையோட்டைச் சுட்டு, விழுந்த விரிசலைப் படித்தார்கள். கிரேக்கர்கள் மலைக்கோயிலில் ஒரு பெண் ஆவேசத்தில் சொல்லும் வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தார்கள். யூதர்கள் சீட்டுப் போட்டார்கள். ரோமானியத் தளபதிகள் கோழி தீனி தின்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போருக்குக் கிளம்பினார்கள். இந்த இடத்தில் வகுப்பு கொல்லென்று சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். எங்கள் வீட்டில் பூக் கேட்பார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

எங்கள் வீடு கோச்சடையில் இருந்தது. அப்பா அம்மா போன பிறகு வீட்டில் அண்ணன், மதினி, அவர்களுடைய ஒரே மகள், நான். அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். கப்பலூரில் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற லேத் ஓட்டினார். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் என்று என்னைக் கேலி செய்வார். முப்பத்தொரு வயதாகியும் நான் கல்யாணம் செய்துகொள்ளாததை ஊரே பேசியபோது, அவர் மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தக் கல்யாணமாகாத நிலைமைதான் என்னை இந்தக் காரியத்துக்குள் இழுத்துவிட்டது. எங்கள் குலசாமி கருப்பு. நாகமலைக்கு மேற்கே, பொட்டல் காட்டில் ஒரு கிணற்றடியில் கோயில். பெரிய முடிவு எதுவானாலும் அங்கே போய்ப் பூக் கேட்பது வழக்கம். ஒரு வெள்ளரளி, ஒரு செவ்வரளி. தனித்தனியாக வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, சாமி முன்னால் போட வேண்டும். குடும்பத்தில் ஒரு சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். பூக் கட்டுகிறவள் அந்த வீட்டிலேயே பிறந்த பெண்ணாக இருக்க வேண்டும். கல்யாணமானால் புருஷன் வீட்டுச் சாமிக்குப் போய்விடுவாள், அவள் கட்டக்கூடாது. குளித்துவிட்டு, ஈரத்துணியோடு, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு தனியாகக் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி மிஞ்சியிருந்தவள் நான் ஒருத்திதான்.

அண்ணனுக்குச் சர்க்கரை இருந்தது யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. லேத்திலிருந்து தெறித்த இரும்புச் சுருள் ஒன்று இடது பாதத்தில் ஏறியது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மூன்று வாரத்தில் பாதம் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், வெள்ளிக்கிழமையைத் தாண்டினால் ஆளே மிஞ்சமாட்டார் என்றார். அன்றைக்குச் செவ்வாய்.

அண்ணன் கட்டிலில் படுத்தபடி சொன்னார்: "கருப்புக்கிட்டக் கேட்டுட்டு வாங்க. வெள்ள வந்தா கையெழுத்துப் போடுறேன். செவப்பு வந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. அம்புட்டுத்தான்."

நான் கத்தினேன். படித்ததெல்லாம் கொட்டினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மதினி என் கையைப் பிடித்து, "சாமி நல்லதுதான் சொல்லும், வாத்தா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை காலை அந்தக் கிணற்றடியில் ஈரத்துணியோடு திரும்பி நின்றேன். எதிரில் ஒரு மொட்டைப் பனை. காற்றே இல்லை. என் கையில் இரண்டு பூக்கள், என் அண்ணனுடைய உயிர் பாதிக்குப் பாதி. கோழித் தீனியைப் பார்த்துப் போருக்குப் போனவர்களைக் கேலி செய்தவள் நான். செவ்வரளியைக் கசக்கி மாராப்புக்குள் செருகினேன். ஓரத்தில் நின்ற செடியிலிருந்து இன்னொரு வெள்ளரளியைப் பறித்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன். என் மருமகள், அண்ணனின் ஆறு வயது மகள், ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். மதினி தரையில் விழுந்து அழுதாள். மற்றதைக் கிணற்றில் போட்டார்கள், அது தண்ணீரில் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்தே கேட்டது.

கால் போனது. அண்ணன் பிழைத்தார்.

கல்லூரியில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், பொருளாதாரம் நடத்துகிறவள், வீடு கோரிப்பாளையத்தில். அவளிடம் மட்டும் சொன்னேன். மெச்சுவாள் என்று எதிர்பார்த்தேன், அதுதான் உண்மை. அவள் டிபன் டப்பாவை மூடிவிட்டு யோசித்தாள். "நாங்களும் இஸ்திகாரா தொழுது கேப்போம், இது செய்யலாமா வேணாமான்னு. பதில் மனசுல வரும், இல்லாட்டி வராமலே போகும். நீங்க செஞ்சது சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா ஆண்டவன்கிட்டக் கேள்வியப் போட்டுட்டு பதில நாமளே எழுதிட்டா, அதுக்கப்புறம் வர்றது எல்லாத்துக்கும் நாமதான் ஜவாப்தாரி" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அவள் சொன்னது சீக்கிரமே வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தது. டாக்டரே உதட்டைப் பிதுக்கிய ஆளைக் கருப்பு காப்பாற்றிவிட்டார் என்று தெருவெல்லாம் பேச்சு. முன்பு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பூக் கேட்ட குடும்பம், இப்போது மாதாமாதம் கேட்டது. மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டுக் கிணற்றைத் தூர்ப்பதா, கட்டைக்கால் பொருத்திக்கொள்வதா, எல்லாவற்றுக்கும் பூ. சர்க்கரைக்கு ஊசி போடுவதைப் பற்றிக் கேட்டபோது சிவப்பு வந்தது. அன்று நான் நேர்மையாகத்தான் கட்டியிருந்தேன். இந்தச் சின்ன விஷயத்துக்கு எதற்குப் பொய் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஊசி நின்றுபோனது. மாத்திரைகூடப் பாதி நாள் அலமாரியிலேயே கிடந்தது. நான் எதைச் சொன்னாலும், "அன்னைக்குப் பூ சொன்னது சரியாத்தான இருந்துச்சு?" என்று மதினி என் வாயை அடைத்துவிடுவாள். என் பொய்தான் அந்த வீட்டில் தெய்வத்துக்கு இருந்த ஒரே சாட்சி.

நாலு வருடம் இப்படியே போனது. பொறுக்க முடியாமல் ஒருநாள் சாயங்காலம் வைகைக் கரையில் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கக்கத்துக் கட்டையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் எருமைகள் நின்றன.

"ரெண்டுலயுமா வெள்ள?" என்றார்.

"ரெண்டுலயும்ணே. நானாத்தான் செஞ்சேன். சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

திட்டுவார் என்று பயந்தேன். அவர் சிரித்தார். "கிறுக்குப் புள்ள. அம்புட்டுப் பேரு இருக்கையில ஒன் கையில வந்து கருப்பு ஏன் செஞ்சான்? அவன் செய்ய வச்சான், நீ செஞ்ச."

முப்பது மாணவிகளுக்கு முன்னால் எந்த வாதத்தையும் பிரித்துப் போடுகிற நான், கக்கத்துக் கட்டையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் அதைத் தொடாமல், "மதினிகிட்டச் சொல்லிறாத, தாயி. அவ தாங்கமாட்டா" என்றார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. இருட்டும்வரை மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் வலது காலில் கட்டைவிரல் கறுத்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. அந்த வாடை ஏற்கெனவே எங்களுக்குப் பழக்கம். அதே ஆஸ்பத்திரி, வேறொரு டாக்டர், அதே பேச்சு. முழங்காலுக்குக் கீழே உடனே எடுத்தால் பிழைப்பார்.

மதினி அண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சாமி என்ன சொன்னாலும் கேட்க வேண்டும், ஆபரேஷன் என்றால் ஆபரேஷன். அவளுக்கு அவர் உயிரோடு இருந்தால் போதும். தலையணை மாதிரி கிடந்தாலும் வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்றாள். அவளுக்குப் பூ மேல் அத்தனை நம்பிக்கை. அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் சத்தியம் செய்தார்.

அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு கால் இல்லாம அஞ்சு வருசம் இருந்துட்டேன், தாயி. இன்னமும் கனவுல லேத்து முன்னாடி நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டும் இல்லாம, ஒண்ணுக்குப் போக அவ என்னயத் தூக்கிட்டுப் போற பொழப்பு எனக்கு வேணாம். ஆனா வேணாம்னு அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல."

"அப்படிச் சொல்லாதண்ணே. மகளுக்காக இருக்கணும்" என்றேன்.

"சரி, நீயே பூவக் கட்டு. நானும் வாரேன்" என்றார்.

டாக்டர் திட்டத் திட்ட, ஒரு வேனில் படுக்க வைத்துக் கூட்டிப்போனோம். நான் என்ன செய்யப் போகிறேன் என்பதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகமில்லை. ஈரத்துணியோடு திரும்பி நின்று இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன். இரண்டு பொட்டலத்தையும் சாமி முன்னால் போட்டேன். பதினொரு வயது மருமகள் குனிந்தாள்.

"கொஞ்சம் இரு" என்றார் அண்ணன். வேனின் கதவோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பூசாரியைப் பார்த்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இந்தத் தடவ மாத்திக் கேக்குறேன். செவப்பு வந்தா ஆபரேசன். வெள்ள வந்தா வேணாம்."

மதினி பதறிப்போனாள். "எப்பவும் வெள்ளதான சம்மதம்?"

"போன தடவ வெள்ளப்பூ ஒரு காலக் கொண்டுபோச்சு. இந்தத் தடவ அதே பூ ஒரு காலக் காப்பாத்தட்டும்" என்றார்.

கேட்கிறவர் இஷ்டம்தான், முன்னாலேயே சொல்லிவிட்டால் போதும் என்றார் பூசாரி.

நான் வாயைத் திறந்தேன். இரண்டும் வெள்ளை என்று சொன்னால் போதும், காரியம் நின்றுவிடும். அண்ணன் என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. என்னை எத்தனையோ வருடம் எதுவுமே கேட்காமல் விட்ட மனிதர், இப்போது ஒன்றே ஒன்று கேட்டார். எனக்கு அது புரிந்தது. புரியாத மாதிரி இருந்திருக்கலாம். கத்தியிருக்கலாம், அந்தப் பொட்டலங்களைக் காலால் எத்தியிருக்கலாம். மருமகள் கையை நீட்டி, எடுத்து, பூசாரியிடம் கொடுத்து, அவர் நாரை அவிழ்க்கிறவரை எனக்கு நேரம் இருந்தது. நான் பேசவில்லை.

மூன்று வாரத்தில் அண்ணன் போய்விட்டார். காய்ச்சலில் பிதற்றியபோதும் அந்த விஷயம் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, சாப்பிடாமல் ஒரு மூலையில் கிடந்த என்னிடம் மதினி வந்து உட்கார்ந்தாள். ஆள் பாதியாக வற்றியிருந்தாள்.

"நீ ஏன்த்தா மனசப் போட்டு ஒழப்பிக்கிற? அவரு வாயாலதான் கேட்டாரு, சாமி வேணாம்னு சொல்லிருச்சு. நம்ம மேல குத்தம் இல்ல. பூக் கட்டுன ஒன் கை சுத்தமான கை" என்றாள்.

என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை.