மூன்றாம் நம்பர் ரோலர்

இன்று நானும் அம்மாவும் பதுளை பஸாரில் ஸ்பீக்கர் வாங்கப் போனோம். கடைக்கார நானா சத்தம் காட்ட ஒரு டிஸ்க்கைப் போட்டார்.

அது நம் தேயிலைத் தோட்டத்து நண்பன் முன்பு கம்ப்யூட்டரில் செய்த எலக்ட்ரானிக் ஆல்பம். அன்று நம் எல்லோருக்கும் ஆளுக்கொரு டிஸ்க் தந்தான்; நான் ஒரு தடவை கேட்டு, வெறும் இரைச்சல் என்று ஒதுக்கியிருந்தேன்.

"பாட்டு இருந்தா ஆக்கள் பாட்டத்தான் கேப்பாங்க தம்பி, ஸ்பீக்கர கேக்க மாட்டாங்க. அதான் எப்பவும் இது" என்றார் நானா.

தேயிலை பெக்டரியில் வேலை செய்த அம்மா ஸ்பீக்கர்மேல் கை வைத்தார்.

"இது நம்ம கொழுந்து அரைக்கிற ரோலருடா. மூணாம் நம்பரு. சுத்துறப்ப ஒரு எடத்துல இழுக்கும்."

அந்த இழுப்புதான் இசை முழுக்கத் தாளம். பெக்டரி மூடி வருடங்களாகிவிட்டன.

என் டிஸ்க், போஞ்சிக் கொடிக்கு மேல் குருவி விரட்டத் தொங்குகிறது. உங்களுடையது?