நடுவில் ஒரு நீல முடிச்சு

எங்கள் வீட்டு முன்னறையில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் ஒரு கயிறு தொங்குகிறது. பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டைக் கீற்றாக வெட்டி, மூன்று மூன்றாகச் சேர்த்துப் பின்னியது. பனியன் துணியைக் கீற்றாக்கி ஒரு இழு இழுத்தால் ஓரம் தானே சுருண்டு உருண்டையாகிவிடும். அதனால் பின்னல் கைக்கு மெத்தென்று இருக்கிறது. முழத்துக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சின் மேலும் ஒவ்வொரு நிறத் துணி சுற்றித் தைத்திருக்கிறது. மொத்தம் இருபத்து மூன்று. வீட்டுக்கு வருகிறவர்கள், "மாடுகூட இல்லியே, இத்தனை நீளக் கயிறு எதுக்குங்க?" என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஒரு முறை எழுதிவிட்டால் தீர்ந்தது.

இதைப் பின்னியவர் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் டீச்சராக இருந்தவர். தெற்கத்திக்காரர். கணவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்தவர். குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. டீக்குச் சர்க்கரை மூன்று ஸ்பூன் போட்டுக்கொள்வார். குழந்தைகளைத் தூங்க வைக்கப் பாடத் தொடங்கி, முதலில் தான் தூங்கிவிடுவார். அவரைப் புகழ்ந்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்களுக்குள் சண்டை வராத வாரம் கிடையாது.

என் மகள் அந்தக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். அவளுடைய பெண்ணுக்கு, என் பேத்திக்கு, பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களும் விறைப்பு. நடக்க வராது. பேச்சும் தாமதம். மூன்றரை வயதில் அவளைச் சேர்க்க மூன்று மழலையர் பள்ளிகளில் ஏறி இறங்கினேன். யாரும் கடிந்து பேசவில்லை. ஒருவர் மோர் கொடுத்தார். இன்னொருவர், "இங்க சேர்த்தினா பாப்பாவுக்குத்தானுங்க கஷ்டம், மத்த குழந்தைங்க ஓடறதப் பாத்து ஏங்கிப் போயிரும்" என்றார். மறுத்தவர்கள் எல்லாருமே அவளுடைய நன்மைக்காகத்தான் மறுத்தார்கள். அதனாலேயே திருப்பிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாகத்தான் கம்பெனிக் காப்பகம். டீச்சரும் முதலில் முகத்தைச் சுளித்தார்.

"இருபத்திரண்டு பிள்ளையளுக்கு நானும் ஒரு ஆயாவுந்தாம். பாப்பாவத் தூக்கி எறக்க ஆளு வேணும்லா? அய்யா, நீங்க வீட்டுல சும்மாத்தான இருக்கிய? கூட வந்து உக்காருங்க. அப்படின்னா சேத்துக்கிடுதேன்."

பஞ்சு மில்லில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனைப் பார்த்து, சும்மா இருக்கிறீர்கள் என்றார். ஆனாலும் மறுநாளிலிருந்து போய் உட்கார்ந்தேன்.

ஒரே அறை, இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று தட்டிவிட்டால்தான் சுற்றும். குழந்தைகளில் பாதிப் பேர் இந்த ஊர். மீதி ஒடிசா, பீகார், மதுரைக்குத் தெற்கு. அப்பா அம்மாக்கள் தைக்கிற பனியன்களில் கழித்துவிட்டதைத்தான் எல்லாரும் போட்டிருப்பார்கள். மார்பில் எந்த நாட்டு எழுத்தோ அச்சாகியிருக்கும், எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஒரு குழந்தைக்குச் சோற்றில் பருப்பு மேலே ஊற்ற வேண்டும், இன்னொன்றுக்குத் தனியாக வைக்க வேண்டும். அவர்கள் எல்லாரும் தரையில்தான் உட்கார்ந்தார்கள். தரையில் இருக்கும்வரை என் பேத்திக்கும் மற்றவர்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை என்பதை முதல் நாளே கவனித்தேன். உட்கார்ந்தபடியே நகர்வதில் அவள் எல்லாரையும்விட வேகம்.

சிக்கல் வெளியே போகும்போதுதான். சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போக, லாரி வந்து துணி ரோல் இறக்குகிற முற்றத்தைக் கடக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கயிறு. ஒவ்வொரு குழந்தையும் தன் நிறத்து முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். பெயர் சொன்னால் புரியாத குழந்தைக்கும் நிறம் புரியும். என் பேத்திக்குக் கம்பெனி ஆசாரி ஒரு பலகையில் நான்கு சக்கரம் வைத்து, சாய்மானமும் கைப்பிடியும் போட்டுக் கொடுத்திருந்தார். எல்லாரும் போன பின்னால் நான் அதைத் தள்ளிக்கொண்டு போவேன். போகும்போது ஒரு முறை, வந்ததும் ஒரு முறை தலை எண்ணிச் சொல்லும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். டீச்சர் எண்ணினால் எனக்கு நம்பிக்கை இல்லை.

"இருபத்திரண்டு, கூட எங்க பாப்பா ஒண்ணுங்க" என்பேன்.

சில நாள் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு மதியம் வெடித்தார். "அது என்ன கணக்கு அய்யா? கடைக்காரன் கொசுறு குடுத்த மாதிரி? இருபத்து மூணுன்னு சொன்னா நாக்கு சுளுக்கிக்கிடுமா?"

"பாப்பா கயித்தப் புடிக்கறதில்லீங்களே. தனி வகையைத் தனியாத்தானுங்க சொல்லோணும்."

"வகையா? பஞ்சு மூட்டையா இது?"

மறுநாள் கயிற்றில் ஒரு நீல முடிச்சு வந்திருந்தது. ஆனால் கடைசியில் இல்லை. பின்னலைப் பாதியில் பிரித்து, நட்ட நடுவில், ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் இடையில் கட்டியிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. "வால்ல கட்டியிருந்தா யாருக்கும் தொந்தரவு இருக்காதுங்களே" என்றேன்.

"வால்ல கட்டுனா முன்னால போற பயலுக்கு அவ இருக்குததே தெரியாது. நடுவுல இருந்தா அவன் கையிலயே தெரியும்" என்றார்.

கேட்க நன்றாக இருந்தது. அந்த வாரமே, சாப்பாட்டுக்கு முட்டை போடும் நாளில், முன்னால் போனவர்கள் கொட்டகையைப் பார்த்ததும் ஓடினார்கள். என் முழங்கால் ஓடுகிற முழங்கால் அல்ல. பலகை என் கையோடு நின்றது, கயிறு முன்னால் போனது, பேத்தி முடிச்சை விடாமல் குப்புற விழுந்தாள். தாடை சிமென்ட்டில் கிழிந்தது. டீச்சர் ஓடி வந்து கழுவிவிட்டார். "நாளையிலிருந்து கூட்டிட்டு வரமாட்டனுங்க" என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தேன். அவள் காலையில் எழுந்ததும் வாசல்வரை நகர்ந்து போய், என் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் கூட்டிப் போனேன்.

முடிச்சு அதே இடத்தில் இருந்தது. ஆனால் டீச்சர் கயிற்றை அறைக்குள் நீட்டிப் பிடித்து, நடப்பது நிற்பது, நடப்பது நிற்பது என்று காலை முழுவதும் விளையாட்டாக நடத்தினார். நீலத்துக்கு முன்னால் இருந்த ஆரஞ்சு முடிச்சு ஓர் ஒடிசாப் பையனுடையது. வந்து பல வாரமாகியும் அவன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஆயா அவனை ஊமை என்றே முடிவு கட்டியிருந்தாள். அன்றைக்கு முன்னால் இருந்தவர்கள் இழுத்தபோது, பின்னால் கயிறு விறைப்பது அவன் கையில் தெரிந்திருக்க வேண்டும். காலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, "ருக்கோ!" என்று கத்தினான். இந்தியில் நில் என்று அர்த்தம் என பீகார்ப் பெண் ஒருத்தி வந்து சொன்னாள். சொல்லாமலே எல்லாரும் நின்றிருந்தார்கள்.

அன்றிலிருந்து அந்த வரிசை முழுவதற்கும் அதுதான் சொல். எங்கள் ஊர்க் குழந்தைகள் அதற்கும் மரியாதை சேர்த்து "ருக்கோங்க, ருக்கோங்க" என்றார்கள். என் பேத்தி வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் சொல்லும் அதுதான். அம்மா என்பதற்கு முன்னால் ருக்கோ என்றாள். மகளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

இந்த நிலையில்தான் பையர் ஆடிட் வந்தது. வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் அனுப்பும் ஆள் வந்து கம்பெனியைச் சோதிப்பார். கழிவறைக்குச் சோப்பு வரும், முதலுதவிப் பெட்டிக்கு மருந்து வரும். தீ விபத்து ஒத்திகையும் உண்டு. சைரன் அடித்ததும் எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர வேண்டும், காப்பகமும் சேர்த்து. மேனேஜர் நல்ல மனிதர். தானே நேரில் வந்தார்.

"ஏனுங்க பெரியவரே, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் பாப்பாவ ஊட்டுலயே உட்ருங்களே. வரிசை லேட்டாச்சுன்னா ரிமார்க் எழுதிருவாங்க. எழுதிட்டா அப்பறம் பாப்பாவ இங்க வெச்சுக்கவே முடியாமப் போயிருமுங்க."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஒரு நாளை விட்டுக்கொடுத்து மற்ற நாட்களைக் காப்பாற்றிக்கொள்கிற கணக்கு. வீட்டில் மகளும், "ஒரு நாள்தானுங்கப்பா, ஊட்டுலயே இருக்கட்டும்" என்றாள். அவள் வேலையும் அங்கேதானே. மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். மேனேஜரும் பக்கத்தில் இருந்தார்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். "சார், அன்னைக்கு நெசமாவே தீப்பிடிச்சா பாப்பா வீட்டுல பத்திரமா இருக்கும். மத்த நாளு பிடிச்சா?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவ இல்லாம ஓடிப் பழகுன பிள்ளையள், அவ இருக்கும்போதும் ஓடத்தான செய்யும்? பிறவு எதுக்கு சார் இந்த ஒத்திகை?"

"டீச்சர், உங்ககிட்டப் பேச முடியாதுங்க" என்று மேனேஜர் எழுந்து போனார். கூட்டி வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விடிந்தால் ஆடிட், அந்த இரவு நான் தூங்கவில்லை. காலையில் பேத்தி என் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டிப் போனேன்.

சைரன் அடித்தது. சின்னதுகள் அழுதன. டீச்சர் கயிற்றின் முனையைப் பிடித்துப் பின்பக்கமாக நடந்தார். முற்றத்தில் எங்களைத் தாண்டி எல்லாப் பிரிவினரும் ஓடினார்கள். பாதி வழியில் பலகையின் சக்கரம் சாக்கடை மூடியின் விரிசலில் இறங்கி மாட்டிக்கொண்டது. முன்னால் இருந்த இரண்டு பெண் குழந்தைகள் ஓட்டத்தைப் பார்த்து இழுக்கத் தொடங்கினார்கள். ஒடிசாப் பையன் சாய்ந்து நின்றான். முகம் சிவந்துவிட்டது. "ருக்கோ!" பின்னாலிருந்து "ருக்கோங்க!" என் பேத்தியும் "ருக்கோ" என்றாள். தனக்காகத்தான் வரிசை நிற்கிறது என்று தெரியாமல், விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். மரத்தடியில் மேனேஜர் கையசைத்துக்கொண்டிருந்தார். சக்கரத்தை என்னால் தூக்க முடியவில்லை. ஆயா ஓடி வந்து ஒரு பக்கம் தூக்கினாள். டீச்சர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை, கயிற்றையும் விடவில்லை. "மெதுவா அய்யா, மெதுவா. இங்க யாரும் உங்கள விட்டுட்டுப் போகல" என்றார்.

உங்களை என்றார். வரிசையில் மெதுவாக நடப்பது பேத்தி மட்டுமல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எல்லாருக்கும் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். ஆடிட்டுக்கு வந்திருந்த அம்மாள் கையில் எழுதும் அட்டையோடு எங்களிடம் வந்தார். நேரத்தைக் கேட்பார் என்று பயந்தேன். "எல்லாரும் வந்துட்டாங்களா? எத்தனை பேர்?" என்று கேட்டார். எண்ணினேன். பழகிய வாய் பழையபடி தொடங்கப் பார்த்தது. நிறுத்தி, "இருபத்து மூணுங்க" என்றேன். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிப் புடவைப் பின்னைச் சரிசெய்துகொண்டார்.

அந்த அம்மாள் போகும்போது சாக்கடை மூடியைக் காட்டி, இதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டார். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த வாரமே மூடிக்குச் சிமென்ட் பூசினார்கள். பேத்தி ஆறு வயதுவரை அங்கேயே இருந்தாள்.

ஒடிசாப் பையனின் குடும்பம் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டது. டீச்சர் இந்த வருடம் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தெற்கே போய்விட்டார். காப்பகத்துக்கு நைலான் கயிறு வந்துவிட்டதால், இதை என் வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். "எண்ணிக்கிட்டு இருங்க, பொழுது போவும்" என்றார்.

பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு. நல்ல பள்ளிக்கூடம். சாய்தளம் இருக்கிறது, சக்கர நாற்காலி இருக்கிறது, தள்ளிவிட ஓர் அக்கா இருக்கிறார். மதியம் எல்லாக் குழந்தைகளும் போய் முடித்த பிறகு, கூட்டம் இடிக்காமல் அவளைக் கூட்டிப் போகிறார்கள். அவளுடைய நன்மைக்காகத்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வாரம் அவள் கேட்டாள்: "ஏனுங்க அப்புச்சி, அங்க ஏன் யாருமே ருக்கோ சொல்றதில்ல?"

அன்று மாலை கயிற்றை இறக்கித் தரையில் நீட்டி, முடிச்சுக்கு முடிச்சு கையால் அளந்தேன். இழுபட்டிருந்தால் அவளுடைய நீலத்துக்கு முன்னால்தான் இழுபட்டிருக்கும் என்று நினைத்தேன். அங்கே சரியாக ஒரு முழம்தான். நீளம் கூடியிருந்தது அதற்கும் முந்தைய இடத்தில், ஆரஞ்சுக்கு முன்னால். அங்கே பின்னல் மெலிந்து, முழத்துக்கு மேல் அரைச் சாண் அதிகம். பனியன் துணி எத்தனை இழுத்தாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அந்த ஓர் இடம் மட்டும் திரும்பவில்லை. அந்தப் பையனும், அவன் ஊர் போன பிறகு அந்த முடிச்சைப் பிடித்த குழந்தைகளும், காலை ஊன்றிச் சாய்ந்து நின்ற அளவு அது.

பேத்தி தரையில் நகர்ந்து வந்து நீல முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆரஞ்சை நான் பிடித்தேன்.